நெல்மணியில் அடங்கிய ஜீவப்பொருள்கள்

நெல் விளைவிக்கும் குடியானவர் தம் விளைச்சலைக் கலக் கணக்கிலும் மூட்டைக் கணக்கிலும் அளந்தறிவர். அதை வாங்கி உண்போர் அரிசியின் வெண்மையையும் சன்னத்தையும் பார்த்து விலை பேசுவர். ஆயினும் அச்சிறிய மணிக்குள் என்னென்ன பொருள்கள், எவ்வெவ்விடங்களில், எந்நோக்கம் பற்றி அமைந்திருக்கின்றன என்பதை ஆராய்ந்தறிவோர் சிலரே. இவ்வறிவு வெறும் ஏட்டுப் படிப்பன்று. அந்நாளைய சென்னை மாகாணத்தில் அரிசியையே முக்கிய உணவாகக் கொண்ட இரு பகுதியாருள் ஒரு சாரார் நலமாயிருக்க, மற்றொரு சாராருட் பலர் கைகால் மரத்து, இருதயம் தளர்ந்து மாண்டதற்குக் காரணம் இவ்வமைப்பினுள்ளேயே மறைந்து கிடந்தது. ஆகவே நெல்மணியின் உட்பொருள்களைப் பற்றிக் குடியானவர் யாவரும் ஓரளவேனும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

மணியின் அமைப்பு

நூறு பங்கு நெல்லில் ஏறக்குறைய 20 பங்கு உமியாகும். உமியை நீக்கினால் செம்மையோ பழுப்போ பொருந்திய அரிசி தோன்றும். அதன்மேல் மெல்லிய தவிட்டுத் தோல் பல அடுக்குகளாகப் போர்த்திருக்கும். மணியின் அடிப்புறத்தில் ஒரு மூலையில் முளைக்கரு ஒட்டியிருக்கும். இவ்விரண்டையும் தீட்டி நீக்கியபின் எஞ்சுவதே நாம் சமைக்கும் வெள்ளரிசி. இவ்வெள்ளரிசி இளம்பயிருக்கென்று தாய்ப்பயிர் சேமித்து வைத்த களஞ்சியம். முளைக்கருவோ வருங்காலப் பயிரேயாம். தவிட்டுத் தோல், களஞ்சியத்தைக் காத்து, வேண்டுங்காலத்தில் அதைத் திறந்துவிடும் காவலாளி போன்றது.

இப்பொருள்களெல்லாம் பெரும்பாலும் கரி, நீர்வாயு, பிராணவாயு, நைட்ரஜன் என்னும் நான்கு மூலப்பொருள்களின் அணுக்களால் ஆனவை. கந்தகமும் மணிச்சத்தும் சிற்சில இடங்களிற் கலந்திருக்கும். அணுக்கள் பல கூடியது மூலக்கூறு எனப்படும. ஒரே செங்கல்லைக்கொண்டு கிணறும் கட்டலாம், கோபுரமும் கட்டலாம். அதுபோலவே சில அணுக்களைக் கொண்டே உயிர்கள் பலவகை மூலக்கூறுகளைக் கட்டுகின்றன. எந்த அணு எத்தனை என்பதைக் காட்டிலும், அவை எவ்வாறு பிணைக்கப்பட்டன என்பதே பொருளின் குணத்தை நிர்ணயிக்கிறது. இதற்கு மாவுப்பொருளே நல்ல சான்று.

மாவுப்பொருள்

பயிரின் பச்சிலை சூரிய ஒளியின் துணைகொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிறது. இவ்வழியில் உண்டாகும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் மூலக்கூறு ஒன்றில் 6 கரியணுக்களும், 12 நீர்வாயு அணுக்களும், 6 பிராணவாயு அணுக்களும் உண்டு. சர்க்கரை நீரிற் கரைந்துவிடுமாதலால் அதை அப்படியே சேமித்து வைத்தல் இயலாது. எனவே பயிர் குளுக்கோஸ் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்து, நீரிற் கரையாத மாவுப்பொருளாக்கி மணியில் இட்டு நிரப்புகிறது. பால் பிடிக்கும் பருவத்தில் கதிரைப் பிதுக்கினால் வரும் வெண்பால் இம்மாவுத்துகள் மிதக்கும் நீரேயாம். அப்பருவத்தில் நீரின்மையாலோ நிழலாலோ இலையின் வேலை குன்றினால் மணி சாவியாவதும் அரைமணியாவதும் இதனாலேயே.

மாவுப்பொருளில் இருவகைக் கோவைகள் உண்டு. அமிலோஸ் என்பது பெரும்பாலும் கிளையின்றி நீண்ட சரம். அமிலோபெக்டின் என்பது மரம்போற் பல கிளைவிட்டது. அமிலோஸ் நூற்றுக்கு 25 பங்குக்கு மேற்பட்ட அரிசியின் சோறு பொலபொலவென்று உதிர்ந்து, ஆறியபின் விறைக்கும். அமிலோஸ் மிகக் குறைந்து, ஏறக்குறைய முழுதும் அமிலோபெக்டினாகவே உள்ள அரிசி பிசின்போல் ஒட்டும். அரிசிக்கு அரிசி சோற்றின் பதம் வேறுபடுவதற்கு இவ்விரு கோவைகளின் விகிதமே முதற்காரணம். நீண்ட சரங்கள் ஆறும்போது ஒன்றோடொன்று நெருங்கிப் படிவதே சோறு விறைத்தற்கு ஹேது.

இனி வைக்கோலைப் பார்ப்போம். அதிற் பெரும்பங்காயுள்ள செல்லுலோஸும் அதே குளுக்கோஸ் கோத்த சரமே. ஆயினும் அங்கே ஒவ்வொரு குளுக்கோஸும் முன்னதற்கு எதிர்முகமாகத் திருப்பிப் பிணைக்கப்பட்டிருக்கிறது. இச்சிறு திருப்பத்தால் சரங்கள் நேராக நின்று, கயிற்றுப் புரிபோல் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளுகின்றன. மனிதனுடைய குடலில் அப்பிணைப்பை அறுக்கவல்ல பொருள் இல்லை. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களிடம் அது உண்டு. ஒரே குளுக்கோஸ் நமக்குச் சோறாகவும், நமக்கு ஆகாத வைக்கோல் மாட்டுக்கு உணவாகவும் அமைந்த விதம் இதுவே.

எண்ணெய்

கிளிஸரின் மூலக்கூறு ஒன்றோடு கொழுப்பமிலங்கள் மூன்று பிணைந்தது எண்ணெய். இதில் பிராணவாயு குறைவு. ஆதலால் எரியும்போது வெப்பம் அதிகம். ஒரு கிராம் மாவுப்பொருள் ஏறத்தாழ 4 கலோரி வெப்பந்தர, ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தரும். சிற்றிடத்திற் பெருஞ்சக்தியைச் சேமித்தற்கு ஏற்றது எண்ணெயே. நிலக்கடலையும் எள்ளும் ஆமணக்கும் இம்முறையைக் கையாளுகின்றன. நெல்மணியிலோ எண்ணெய் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலுமே தங்கியிருக்கிறது. தவிட்டில் அது நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை இருக்கும்.

பச்சை நெல்லின் தவிடு சீக்கிரத்தில் காறிப்போவதை யாவரும் அறிவர். மணி முழுதாயிருக்கும்வரை எண்ணெயும், அதைப் பிளக்கும் லிபேஸ் என்னும் நொதிப்பொருளும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைவையில் அறைகள் உடைந்து இரண்டும் கலந்ததும், சில மணி நேரத்திலேயே கொழுப்பமிலங்கள் பிரியத் தொடங்குகின்றன. வெப்பத்தால் இந்நொதிப்பொருள் அழிந்துபோவதால், புழுக்கிய நெல்லின் தவிடு நீண்டநாள் கெடாமலிருக்கிறது.

புரதம்

சர்க்கரையிலும் எண்ணெயிலும் இல்லாத நைட்ரஜன் புரதத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்கு உண்டு. நிலத்திற்கு நாம் இடும் தழைச்சத்தின் பெரும்பகுதி பயிரினுள் இவ்வுருவையே அடைகிறது. அமினோ அமிலங்கள் என்னும் 20 வகை மணிகளைப் பல்வேறு வரிசையிற் கோத்த மாலையே புரதம். மாலை கோக்கப்பட்டதும் சும்மா கிடப்பதில்லை. குறித்த விதமாக மடிந்து சுருண்டு ஒரு தனி வடிவம் பெறுகிறது. அவ்வடிவமே அதன் தொழிலுக்கு ஆதாரம். முட்டையின் வெண்கரு வெந்தபின் மீண்டும் பழைய நிலைக்கு வாராமைக்குக் காரணம், வெப்பத்தால் மடிப்புக் குலைந்து புரத மாலைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளுதலே. புழுக்கிய நெல் முளைக்காமையும் இது பற்றியே. அதன் முளைக்கருவிலுள்ள புரதங்கள் வடிவிழந்து, உயிர்த்தொழில் அற்றுப்போகின்றன.

அரிசியில் புரதம் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கே. அளவிற் சிறிதாயினும் தானியப் புரதங்களுள் இது நல்லதென்றே கருதப்படுகிறது. ஆயினும் நம் உடலுக்கு இன்றியமையாத லைஸின் என்னும் அமினோ அமிலம் இதிற் குறைவு. துவரை, உளுந்து, பயறு முதலியவற்றில் லைஸின் மிகுதி. மெதியோனின் என்பது குறைவு. அரிசியில் குறைந்ததைப் பருப்பும், பருப்பில் குறைந்ததை அரிசியும் ஈடுசெய்வதால் இரண்டையும் சேர்த்துண்பவர் இரண்டின் தனிப்பயனிலும் மிக்க பயன் பெறுவர். அரிசியும் உளுந்தும் கூடிய இட்டிலியும், பயற்றம்பருப்புக் கூடிய பொங்கலும் இவ்வுண்மைக்கு நம் அடுக்களைகள் கண்ட உதாரணங்கள். நெல் அறுவடையானபின் வயலில் உளுந்தும் பயறும் விதைக்கும் வழக்கம் மண்ணுக்கேயன்றி உண்போர் உடலுக்கும் உகந்ததாம்.

நொதிப்பொருள்களும் முளைப்பும்

புரதங்களுட் சில உடலைக் கட்டுவன. சில சேமிப்பாக இருப்பன. மற்றும் சில ரஸாயன மாறுதல்களை விரைந்து நடத்துவன. பின்னவையே நொதிப்பொருள்கள். இவை தாம் செலவழியாமல், ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு வேலையையே திரும்பத் திரும்பச் செய்யும். பூட்டுக்குத் திறவுகோல்போல், நொதிப்பொருளின் வடிவிற்குப் பொருந்தும் பொருளே அதனால் மாற்றப்படும்.

விதைநெல்லை நீரில் ஊறவைத்ததும் நடப்பதைக் கவனிப்போம். நீர் உட்புகுந்ததும் முளைக்கரு விழித்தெழுந்து, ஜிப்பெரெல்லின் என்னும் தூதுப்பொருளைத் தவிட்டின் உள்ளடுக்குக்கு அனுப்புகிறது. அத்தூதைப் பெற்ற அடுக்கு அமிலேஸ் என்னும் நொதிப்பொருளை ஆக்கி வெள்ளரிசிக்குள் விடுகிறது. அமிலேஸ் மாவுச் சரங்களைத் துண்டிக்க, அவை கரைந்து சர்க்கரையாகி இளமுளைக்கு உணவாகின்றன. முளைகட்டிய தானியம் இனிப்பது இதனாலேயே. நாற்று தன் இலைகளால் உணவு தேடிக்கொள்ளும்வரை இக்களஞ்சியமே அதற்குக் கதி. ஆகவே பொறுக்கான விதை வாளிப்பான நாற்றைத் தருவதும், அரைமணி மெலிந்த நாற்றைத் தருவதும் இயல்பேயன்றோ?

இத்தூதுப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டதும் நெற்பயிரிலிருந்தே. ஒருவகைப் பூசணம் பற்றிய நாற்றுக்கள் அளவுமீறி நெட்டையாய் வளர்ந்து வீணாவதைக் கண்ட ஜப்பானியக் குடியானவர் அந்நோயை 'மதிகெட்ட நாற்று' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். பூசணம் வெளிவிடும் பொருளே அதற்குக் காரணம் என்பதை 1926-ஆம் வருஷத்தில் குரோஸாவா என்பவர் காட்டினார். பின்னர் அப்பொருளே பயிர்களுக்குள்ளும் இயல்பாகச் சுரக்கிறதென்பது வெளியாயிற்று.

பரம்பரைக் குறிப்பு

எந்தப் புரதத்தில் எந்த வரிசையாக அமினோ அமிலங்களைக் கோக்க வேண்டும் என்பதை உயிரணுவுக்கு உரைப்பது யாது? டி.என்.ஏ. என்னும் நெடுமூலக்கூறே அது. முறுக்கிய ஏணிபோன்ற இதன் வடிவத்தை 1953-ஆம் வருஷத்தில் வாட்ஸன், கிரிக் என்னும் இருவர் வெளியிட்டனர். ஏணியின் படிகள் நான்குவகைப் பொருள்களால் ஆனவை. நான்கெழுத்து நெடுங்கணக்கால் எழுதிய சாஸனம் போன்ற இது, தாய்ப்பயிரிலிருந்து விதைக்குப் பிரதிசெய்து வழங்கப்படுகிறது. நெல்லின் 12 ஜோடிக் குரோமோஸோம்களில் அடங்கிய ஏறத்தாழ 39 கோடிப் படிகளின் வரிசை 2005-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று.

அச்சாஸனத்தில் ஒரு சிறு மாறுதல் நேரினும் பயன் பெரிதாகலாம். 1966-ஆம் வருஷத்தில் வெளியான ஐ.ஆர். 8 என்னும் குட்டைநெல், தைவான் தேசத்துக் குட்டை ரகம் ஒன்றையும் இந்தோனேஷியாவின் 'பேட்டா' என்னும் நெட்டை ரகத்தையும் கலந்து பெற்றது. அது குட்டையானதன் காரணம் 2002-ஆம் வருஷத்தில் தெளிவாயிற்று. ஜிப்பெரெல்லினை ஆக்கும் நொதிப்பொருள் ஒன்றின் குறிப்பிற் பழுது நேர்ந்ததால், தண்டில் அத்தூதுப்பொருள் குறைந்து பயிர் ஓங்கவில்லை. ஓங்காததால் தழைச்சத்து மிகுத்திட்டாலும் சாயவில்லை, விளைச்சல் பெருகிற்று. வெள்ளந்தாங்கும் 'சப்-1' ரகங்களும் இத்தகையவே. அவற்றிலுள்ள ஒரு ஜீன், முழுகிய பயிரை வீணே நீளவிடாமல் அடக்கி, மாவுப்பொருளைச் சிக்கனப்படுத்துகிறது. அதனால் இரு வாரம்வரை நீருக்குள்ளிருந்தும் பயிர் பிழைக்கிறது. தமிழ்நாட்டில் வழங்கும் சி.ஆர். 1009 சப்-1 இவ்வினத்தைச் சேர்ந்தது.

தவிட்டில் மறைந்த ஜீவசத்து

நிற்க, முதலிற் குறித்த நோய்க்கு வருவோம். பெரிபெரி என்னும் அந்நோய், கால்கள் மரத்தும் வீங்கியும் தொடங்கி, நரம்பையும் இருதயத்தையும் தாக்கிக் கொல்லும். நோயுற்ற தாயின் பால் குடித்த கைக்குழந்தைகள் சில மாத வயதில் திடீரென மாண்டன. ஜாவாத் தீவில் வேலை பார்த்த எய்க்மான் என்னும் டச்சு வைத்தியர், 1890-ஆம் வருஷத்தையொட்டி, தீட்டிய அரிசிச் சோறுண்ட கோழிகளுக்கு இந்நோய் போன்ற நடுக்கமும் முடமும் வருவதையும், தீட்டாத அரிசி தந்தால் அவை தேறுவதையும் கண்டார். நோய்க்குக் காரணம் உள்ளே புகுந்த நஞ்சன்று. உணவில் இல்லாதுபோன ஒன்றே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவ்வொன்றே இன்று தயமின் அல்லது வைட்டமின் பி-1 எனப்படுகிறது. 1926-ஆம் வருஷத்தில் ஜாவாவிலேயே தவிட்டிலிருந்து இது படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இதன் அமைப்பை நிலைநாட்டி 1936-ஆம் வருஷத்தில் செயற்கையாகச் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பிறந்த ஊர், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்.

இதன் மூலக்கூறு மிகச் சிறிது. நைட்ரஜன் கொண்ட ஒரு வளையமும், கந்தகமும் நைட்ரஜனும் கொண்ட மற்றொரு வளையமும் ஒரு கரியணுவால் இணைந்தது இது. ஆனால் இதன் தொழிலோ பெரிது. நாம் உண்ட மாவுப்பொருள் குளுக்கோஸாகி, குளுக்கோஸ் பாதி எரிந்து பைருவிக் அமிலமாகிறது. அதனை மேலும் எரித்துச் சக்தியாக்கும் நொதிப்பொருள், தயமின் துணையின்றி வேலை செய்யாது. எனவே தயமின் அற்றவன் வயிறாரச் சோறுண்டும் அச்சோற்றை முற்றும் எரிக்க மாட்டாதவனாகிறான். அடுப்பில் விறகு நிறைந்திருக்கத் தீ பற்றாமை போன்றது அவன் நிலை. குளுக்கோஸையே பெரிதும் நம்பிய நரம்பும், ஓயாதுழைக்கும் இருதயமும் முதலில் வாடுகின்றன. சோறு மிகுந்தால் தேவையும் மிகுவதால், வெள்ளைச் சோறு ஒன்றையே உண்போர் பெரிதும் துன்புற்றனர்.

புழுக்குதலின் பயன்

குன்னூரில் 1918-ஆம் வருஷத்தில் மெக்காரிஸன் என்பவரால் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சியே வளர்ந்து, பின்னர் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டுத் தேசிய போஷணை நிலையமாக விளங்குகிறது. அந்நோய் வடசர்க்கார் ஜில்லாக்களில், இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட மக்களிடையே பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தெற்கு ஜில்லாக்களிலோ அது அரிதாயிருந்தது.

காரணம் யாதெனில், தயமின் நீரிற் கரைவது. அது முளைக்கருவிலும் தவிட்டோரத்திலும் செறிந்துள்ளது. நெல்லை ஊறவைத்து ஆவியில் புழுக்கும்போது அது நீரோடு உள்நோக்கிச் சென்று வெள்ளரிசிக்குள் ஊடுருவுகிறது. அப்பொழுதே மாவுத்துகள்கள் நீரை ஏற்றுப் பருத்துக் களியாகி, வெடிப்புக்களை மூடிக்கொண்டு, உலர்ந்தபின் கண்ணாடிபோல் இறுகுகின்றன. ஆகவே தவிட்டை நீக்கினாலும் உட்சென்ற சத்து தங்குகிறது, நொய்யும் குறைகிறது. நூறு கிராம் பச்சரிசியை இயந்திரத்தில் நன்கு தீட்டினால் எஞ்சும் தயமின் ஏறத்தாழ 0.06 மில்லிகிராம். அவ்வாறே தீட்டிய புழுங்கலரிசியில் எஞ்சுவது ஏறத்தாழ 0.21 மில்லிகிராம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேலாக வேண்டும். இக்கணக்கைப் பார்த்தாலே இரண்டுக்குமுள்ள பேதம் விளங்கும். காரணம் அறியாமலே நம் முன்னோர் கைக்கொண்ட புழுக்கும் வழக்கம் எண்ணிறந்த உயிர்களைக் காத்தது.

இன்று பலவகை உணவும் கலந்து கிடைப்பதால் அந்நோய் அரிதாகிவிட்டது. ஆயினும் பாலிஷ் ஏற்றிய வெள்ளையரிசியின்மேல் மோகம் குறைந்தபாடில்லை. காய்கறியும் பருப்பும் போதிய அளவு வாங்க இயலாத ஏழைக் குடும்பத்தாருக்கு இது இன்றும் கவனிக்கத்தக்க விஷயமே.

குடியானவர் கவனிக்க வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து அநுபவத்திற் கொள்ளத்தக்கவை பின்வருமாறு:

1. விதைநெல்லை ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படாதபடி உலர்த்திச் சேமிக்கவேண்டும். ஈரம் மிகுந்தால் நொதிப்பொருள்கள் தொழிற்பட்டு, மணி மூச்சுவிட்டுச் சூடேறி, முளைப்புத்திறன் கெடும். பூச்சியும் பூசணமும் பற்றும்.

2. விதைக்குமுன் உப்புநீரிலிட்டுத் தேர்தல் நன்று. புதிய கோழிமுட்டை ஒன்று மிதந்து அதன் மேற்புறம் சிறிது வெளியே தெரியும்வரை நீரில் உப்பைக் கரைக்கவும். அந்நீரில் மிதக்கும் நெல்லை நீக்கி, அமிழ்ந்த பொறுக்குமணிகளை நல்ல நீரில் இருமுறை மும்முறை அலசி விதைக்கவும். அலசாவிடில் உப்பு முளைப்பைக் கெடுக்கும்.

3. நெல்லைக் குளிர்ந்த நீரில் நெடுநாள் ஊறவைத்தால் புளித்து நாற்றமெடுக்கும். ஏறத்தாழ 70 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்துப் புழுக்கினால் அக்குறை நேராது.

4. வீட்டுக்கென்று அரைக்கும் நெல்லை அளவுமீறித் தீட்டச் சொல்லலாகாது. பச்சரிசியைப் பலமுறை பிசைந்து கழுவினால் எஞ்சிய தயமினிலும் பாதிவரை கழுநீரோடு போய்விடும். கழுநீர்த் தொட்டியில் வாய்வைக்கும் மாட்டுக்கே அது நன்மை. கஞ்சியை வடித்துக் கொட்டாமல் உணவிற் சேர்த்துக்கொள்வது உத்தமம்.

5. பச்சைநெல் தவிட்டை நாட்கணக்கில் தேக்கி வைக்காமல் உடனே மாட்டுக்கு இடவேண்டும். அல்லது எண்ணெய் ஆலைக்கு அனுப்பிவிடவேண்டும்.

6. சோற்றோடு பருப்பு வகை ஏதேனும் ஒன்று நாள்தோறும் உண்ணவேண்டும். வயல் வரப்பிலேனும் உளுந்தும் துவரையும் விதைத்துக்கொள்வது வாங்கும் செலவைக் குறைக்கும்.

நெல்லைக் கலத்தால் அளப்பது போலவே, அதன் சத்தையும் மனத்தால் அளந்து விளைவித்து, பக்குவமாகப் புழுக்கி, மிதமாகத் தீட்டி உண்போமாயின், உழைப்பின் பயன் வீட்டார் உடலில் வந்து சேரும். தாய்ப்பயிர் தன் கன்றுக்கென்று ஈட்டி வைத்த செல்வத்தையே நாம் உணவாகக் கொள்ளுகிறோம். அதிற் சிறந்த பகுதியை உமியோடும் கழுநீரோடும் இழந்துவிடாமல் காப்பது குடியானவர், இல்லத்தரசிகள் ஆகிய இரு திறத்தார் கையிலும் உள்ளது.